ஈ.சி.ஜி. நார்மல், அப்புறம்?

மதுரை ஆரப்பாளையத்திலிருந்து கம்பம் போகும் அரசு பஸ்களில் பல வருடம் டிக்கெட் கிழித்தவர் அவர். செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, க.விலக்கு, தேனி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஸ்டேஜ் பெயர்களைக் கட்டணத்தோடு ஒப்பிப்பார். படிக்கட்டு வரை ஆள் தொங்கும் முகூர்த்த நாளிலும் அடுத்த ஸ்டேஜ் வருவதற்குள் டிக்கெட் போட்டு முடித்துவிடுவார் என்று டெப்போவில் பேர். இப்போது ஓய்வுபெற்று உசிலம்பட்டியில் இருக்கிறார். பெயரைப் போட வேண்டாம், நடந்ததை அப்படியே போடலாம் என்பது அவர் வைத்த ஒரே நிபந்தனை.

2006 ஆவணியில் ஒரு முகூர்த்த நாள். வண்டி உசிலம்பட்டியைத் தாண்டிக் கணவாய் ஏற்றத்தில் முக்கிக்கொண்டு போனது. "ரெண்டு ஆண்டிபட்டி" என்று யாரோ நீட்டிய நோட்டை வாங்கும்போதுதான் விரல் நுனி மரத்திருப்பதைக் கவனித்தார். அடுத்த மூச்சுக்குள் நெஞ்சு தடதடவென்று அடிக்க ஆரம்பித்துவிட்டது. காது அடைத்தது. உள்ளங்கை வியர்வையில் டிக்கெட் கட்டு நனைந்தது. எவ்வளவு இழுத்தாலும் மூச்சு பாதிக்கு மேல் உள்ளே இறங்கவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் நின்றவர்களின் முகங்கள் எங்கோ தள்ளிப்போய்விட்டன. சாகப் போகிறோம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அதே லைனில் ஓடிய இன்னொரு கண்டக்டர் இரண்டு மாதத்துக்கு முன்புதான் டூட்டியில் இருக்கும்போதே மாரடைப்பில் போயிருந்தார்.

விசில் ஊதவும் மூச்சில்லை. கம்பியைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்தவரைக் கண்ணாடியில் பார்த்த டிரைவர், "என்னண்ணே செய்யுது?" என்று கேட்டார், பதிலுக்குக் காத்திருக்கவில்லை. 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்தது 2008-இல்தான். பயணிகளோடு சேர்த்துப் பஸ்ஸையே ஆண்டிபட்டி அரசு ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார் டிரைவர். நெஞ்சில் ஒயர்களைப் பொருத்தி ஈ.சி.ஜி. எடுத்து முடிப்பதற்குள் படபடப்பு முக்கால்வாசி அடங்கியிருந்தது. தாளில் கோளாறு எதுவும் இல்லை. நார்மல் என்றார்கள்.

டிரைவர் செய்தது சரி. நெஞ்சு அடைப்பும் மூச்சுத் திணறலும் முதல்முறை வரும்போது, இது வெறும் பயம்தான் என்று வீட்டிலேயே முடிவுகட்டக் கூடாது. மாரடைப்பும் பேனிக் அட்டாக் எனும் திடீர்ப் பயத் தாக்குதலும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். இதயத்தைப் பார்த்தாக வேண்டும், தைராய்டையும் ரத்தசோகையையும் பார்த்தாக வேண்டும். கண்டக்டரின் சிக்கல் அங்கே தொடங்கவில்லை. எல்லாம் பார்த்து முடித்த பிறகு தொடங்கியது.

சில வாரத்தில் மறுபடி வந்தது. மறுபடி ஈ.சி.ஜி. மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்கோ எடுத்தார்கள், டிரெட்மில்லில் ஓடவிட்டார்கள், ரத்தம் எடுத்தார்கள். சொசைட்டி லோன் போட்டுக் கட்டிய பில் அது. எல்லாமே சரியாக இருந்தன. "ஹார்ட்ல ஒண்ணுமில்ல. டென்ஷன் ஆகாம ஃப்ரீயா இருங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு வாரம் நிம்மதியாக இருந்தது. அப்புறம் வேறொரு சந்தேகம் குடைய ஆரம்பித்தது: ஒன்றுமில்லை என்றால் இவ்வளவு எப்படி வரும்? அப்படியானால் மெஷினுக்கும் பிடிபடாத ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது. நல்ல செய்தியே நெஞ்சில் இன்னொரு முள்ளாகத் தைத்துவிட்டது.

வீட்டில் அம்மாவுக்கு இது பிடிபட்டுப்போன விஷயம். "பயந்த கோளாறுப்பா. கணவாய்ல என்னத்தையோ பாத்துட்ட" என்று கோடாங்கியிடம் கூட்டிப்போனார். உடுக்கை அடித்துக் குறி சொன்ன கோடாங்கி, எந்த இடத்தில் வந்தது, அன்றைக்கு என்ன கிழமை, முதலில் எந்தக் கை மரத்தது, சமீபத்தில் வீட்டிலோ வேலையிலோ சாவு விழுந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். திருநீறு போட்டார், கறுப்புக் கயிறு கட்டினார். ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் ஓதிய தண்ணீர் வாங்கிவந்தார் அம்மா. கயிற்றால் படபடப்பு நிற்கவில்லை. ஆனாலும் கோடாங்கி கேட்ட அளவு கேள்விகளை அதுவரை பார்த்த எந்த டாக்டரும் கேட்கவில்லை என்பதைக் கண்டக்டர் இன்றைக்கும் சொல்கிறார். தன் பயத்தை ஒரு விஷயமாக எடுத்துக்கொண்டு விசாரித்த முதல் ஆள் அவர்தானாம்.

நோய் உண்மையில் வளர்ந்தது தாக்குதல்களுக்கு நடுவில் இருந்த நாட்களில். முதலில் கம்பம் லைன் வேண்டாம் என்று டவுன் பஸ் டூட்டி கேட்டு வாங்கினார். டவுன் பஸ்ஸில் கூட்டம் அதிகமானால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக் கொஞ்ச நேரம் கீழே நின்றார். பிறகு லீவு, அப்புறம் சம்பளமில்லாத லீவு. ஒவ்வொன்றிலிருந்தும் ஒதுங்கிய அந்த நிமிடத்தில் அப்படியொரு நிம்மதி கிடைத்தது. அந்த நிம்மதி பெரிய சூதுக்காரன். ஒதுங்கியதால்தான் பிழைத்தாய் என்று அது சொல்ல, மூளை அதை அப்படியே நம்பிக்கொள்ளும். அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் தள்ளியே நிற்கச் சொல்லும். கணவாயில் ஆரம்பித்து, கடைசியில் தெருமுனை டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது எல்லை.

துணைக்குச் சில பொருட்களும் சேர்ந்தன. கிறுகிறுப்புக்கு முகர ஒரு எலுமிச்சம்பழம். தண்ணீர் பாட்டில். சட்டைப் பையில் அல்பிரசோலம் மாத்திரை அட்டை ஒன்று. மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கியது. முன்வாசலுக்குப் பக்கத்து சீட். எந்நேரமும் இடது மணிக்கட்டில் வலது கை விரல்கள், நாடி பார்க்க. மாத்திரையை விழுங்காத நாட்களிலும் அட்டை பையில் இருந்தாக வேண்டும். தடவிப் பார்த்து அது இல்லையென்றால் அந்த நொடியே வியர்த்துவிடும். மனைவி ஒருநாள் அழாத குறையாகக் கேட்டாராம்: "பஸ்ஸுல வேலை பாக்குற மனுசனுக்கு பஸ்ஸைப் பாத்தாலே பயம்னா, இதை நான் யாருகிட்டங்க போய்ச் சொல்ல?"

சொல்வதற்கு ஆள் இருந்தார்கள், நூறு வருடங்களுக்கு மேலாகவே. அமெரிக்க உள்நாட்டுப் போரில் படபடப்பும் நெஞ்சுவலியும் மூச்சிரைப்புமாக வந்த சிப்பாய்கள் சுமார் 300 பேரைப் பார்த்த டாக்டர் ஜேக்கப் டா கோஸ்டா, 1871-இல் அவர்களைப் பற்றி விரிவாக எழுதினார். அவர்களில் பெரும்பாலோருடைய இதயத்தில் நோய்க்கான தடயம் அவருக்குக் கிடைக்கவில்லை. அதே வருடம் பெர்லினில் கார்ல் வெஸ்ட்ஃபால் என்ற மருத்துவர், நகரத்தின் திறந்த சதுக்கங்களைக் கடக்க நடுங்கிய மூன்று ஆண்களைப் பற்றி எழுதினார். கூட யாராவது நடந்துவந்தால் அவர்களுக்குப் பயம் குறைந்தது. கண்டக்டர் மனைவியோடு மட்டும் டீக்கடை வரை போய்வந்ததும் அதேதான். பெயர்கள் மாறி மாறி வந்து, 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு பேனிக் டிஸ்ஆர்டரைத் தனி நோயாகப் பட்டியலிட்டது. உசிலம்பட்டிக்கு அந்தச் செய்தி வந்துசேர இன்னும் காலம் பிடித்தது.

கொண்டுவந்தவர் அதே டிரைவர். அவருடைய மச்சினிச்சி ஒருவர் க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் காட்டிக் குணமாகியிருந்தார். அங்கே போகலாம் என்ற யோசனையைக் கேட்டதும் வீடே ரெண்டுபட்டது. ஏர்வாடித் தீ விபத்து நடந்து அப்போது ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், சங்கிலியில் கட்டிப்போடப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்ப வழியில்லாமல் கருகிப்போன செய்தி தென் மாவட்டங்களில் எந்த வீட்டிலும் மறக்கவில்லை. மனநலம் என்ற வார்த்தையைச் சொன்னதும் அம்மாவின் கண்ணுக்கு அந்தச் சங்கிலிதான் தெரிந்தது. "எம்புள்ளைக்கு என்ன பைத்தியமா?" என்று சண்டைக்கு வந்தார். டிரைவர் வாக்குவாதம் செய்யவில்லை. ஒரு காலை நேரம் பைக்கோடு வந்து வாசலில் நின்றார். ஆஸ்பத்திரிக்குப் போக அந்தக் கணவாயைத் தாண்டியாக வேண்டும். கண்ணை மூடி, டிரைவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு தாண்டினார் கண்டக்டர்.

ஓ.பி. பெஞ்சில் காத்திருந்தபோது அவர் எதிர்பார்த்த மாதிரி யாரும் கத்தவில்லை. தேனிப் பக்கத்துக் கல்லூரி மாணவி ஒருத்தி. நாலு பேர் முன்னால் வாய் திறக்க வேண்டுமென்றால் குரலும் கையும் நடுங்கி, வாய்மொழித் தேர்வுக்கே போகாமல் விட்டவள். அது சமூகப் பதற்றம். துபாயில் இருக்கும் மகன், இங்கே இருக்கும் மாடு, மழை, கடன், நாளைக்கு வரப்போகும் விருந்தாளி என்று ஒன்று போனால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் தூங்காத ஒரு அம்மா. ஆறு மாதத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் இப்படி அடக்க முடியாத கவலை ஓடினால் அதைப் பொதுவான பதற்ற நோய் என்பார்கள். ஊசியைப் பார்த்தால் மயங்கி விழும் ஒரு வாலிபன். அது குறிப்பிட்ட ஒன்றின் மீதான அச்சம். பதற்ற நோய் என்பது இப்படி ஒரு குடும்பப் பெயர். கண்டக்டருக்கு வந்தது அந்தக் குடும்பத்தில் இரண்டு பேர் சேர்ந்து: பேனிக் டிஸ்ஆர்டரும், தப்பிக்க வழியில்லாத இடங்களைப் பற்றிய அச்சமும்.

டாக்டரம்மாவுக்கு வயது முப்பதுக்குள் இருக்கும். பழைய ரிப்போர்ட்டுகளைப் பார்த்துவிட்டுத் தைராய்டுக்கு மட்டும் ரத்தம் எடுக்க எழுதிக்கொடுத்தார். டீ எத்தனை, சரக்கு உண்டா, தூக்கம் எப்படி என்று கேட்டார். பிறகு, "அந்த நேரத்துல மனசுல என்னய்யா ஓடுச்சு?" என்றார். சாகப் போறேன்னு ஓடுச்சு என்றார் இவர். "சரி, இங்க வச்சே அதைக் கொஞ்சம் வரவழைச்சுப் பாப்போமா?"

கண்டக்டர் வாழ்நாளில் மறக்காத பத்து நிமிடம் அது. நாற்காலியில் உட்காரவைத்து, வேகவேகமாக, ஆழமாக மூச்சை இழுத்து விடச் சொன்னார் டாக்டரம்மா. தானும் எதிரே உட்கார்ந்து கூடவே செய்தார். ஒரு நிமிடம் ஆவதற்குள் கண்டக்டருக்கு விரல் நுனி மரத்தது. உதட்டைச் சுற்றிச் சுருசுருவென்று வந்தது. தலை கிறுகிறுத்தது. அதே கணவாய், அதே பஸ். எழுந்து ஓடப் பார்த்தவரிடம், "எனக்கும் விரல் மரத்துருச்சு, பாருங்க" என்று தன் கையை நீட்டினார். இருவரும் மூச்சை மெதுவாக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் வந்த வழியே போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் விளக்கம். வேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு அளவு குறைகிறது. அதனால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்கித் தலை சுற்றுகிறது, விரலும் உதடும் மரக்கின்றன. அட்ரினலின் சுரந்து இதயத்தை விரட்டுவது ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ உடம்பைத் தயார்ப்படுத்தத்தான். மூளைக்குள் இருக்கும் அமிக்டலா என்ற சின்னப் பகுதி, ஓணானுக்கும் பாம்புக்கும் வித்தியாசம் பார்க்காமல் குரைத்துவிடுகிற வீட்டு நாய் என்றார் டாக்டரம்மா. மயங்கி விழுவேன் என்பது கண்டக்டரின் நிரந்தரப் பயம். ஆனால் மயக்கத்துக்கு ரத்த அழுத்தம் விழ வேண்டும். பேனிக் வரும்போது அது பெரும்பாலும் ஏறுகிறது. பெஞ்சில் இருந்த ஊசிப் பையனுக்கு மட்டும் கதை வேறு. ரத்தம், ஊசி பற்றிய அச்சத்தில்தான் அழுத்தம் சட்டென்று இறங்கும்.

ஆக்ஸ்ஃபோர்டில் வேலை பார்த்த டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் 1986-இல் இந்தச் சுழலை எழுதிக் காட்டினார். உடம்பில் ஒரு சின்ன மாற்றம்: படி ஏறியதால், டீ குடித்ததால், புழுக்கத்தால். அதை மாரடைப்பு என்று மனம் படிக்கிறது. பயம் கூடுகிறது. பயத்தால் உடம்பில் மாற்றம் இன்னும் கூடுகிறது. இதோ, பார்த்தாயா என்கிறது மனம். சுற்று முடிந்து மறுசுற்று. பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய்விடும். இந்தச் சுழலில் வெட்டக்கூடிய இடங்கள் இரண்டு: தப்பாகப் படிக்கும் அந்த இடம், ஒதுங்கிப்போகும் இடம். அறிவுசார் நடத்தைச் சிகிச்சை, அதாவது சி.பி.டி., இந்த இரண்டிலும் கைவைக்கிறது.

மாத்திரையும் எழுதினார். செரட்டோனின் மீது வேலை செய்யும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை. ஃப்ளூவாக்ஸிடின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் எல்லாம் இந்த வரிசையில் வருபவை. ரொம்பச் சின்ன அளவில் ஆரம்பித்தார். முதல் வாரம் படபடப்பு கொஞ்சம் கூடலாம், பயந்து நிறுத்திவிடக் கூடாது. பலன் தெரிய நாலு வாரம், ஆறு வாரம் கூட ஆகலாம். இது பழக்கமாகிவிடும் மருந்து இல்லை. சரியான பிறகும் மாதக்கணக்கில் சாப்பிட்டு மெதுவாகக் குறைக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார். இரண்டாம் நாளே படபடப்பு கூடியபோது கண்டக்டர் மாத்திரையைத் தூக்கி எறியாததற்கு அந்த முன்னறிவிப்புதான் காரணம்.

இந்த வழி திறந்த கதை சுவாரஸ்யமானது. 1950-களின் கடைசியில் நியூயார்க்கின் ஹில்சைடு ஆஸ்பத்திரியில் டொனால்ட் கிளைன் என்ற இளம் டாக்டர், சாகப் போகிறேன் என்று ஒருநாளில் பலமுறை நர்சுகளிடம் ஓடிவரும் நோயாளிகளுக்கு இமிப்ரமின் என்ற புது மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். சில வாரம் கழித்துக் கேட்டால் நோயாளி ஒரு மாற்றமும் இல்லை என்றார். டாக்டர்களுக்கும் எதுவும் தெரியவில்லை. நர்சுகள்தான் கவனித்தார்கள்: அந்த ஆள் இப்போது ஓடிவருவதே இல்லை. 1962-இல் கிளைன் இதை எழுதி வெளியிட்டார். கண்டக்டர் வீட்டிலும் அதேதான் நடந்தது. மருந்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று அவர் முனகிக்கொண்டிருந்தபோது, "ரெண்டு நாளா நீங்க நாடியே பிடிச்சுப் பாக்கலயே" என்றாராம் மனைவி.

சட்டைப் பையில் இருந்த அல்பிரசோலம் அட்டைதான் பெரும்பாடு. அல்பிரசோலத்தின் குடும்பத்து மருந்துகள் சட்டென்று அமைதி தரும். அதனாலேயே கை விடாது. அந்தக் குடும்பத்தில் லிப்ரியம் 1960-இலும் வேலியம் 1963-இலும் சந்தைக்கு வந்து உலகம் முழுக்க வீட்டுச் சாமான்களாகிவிட்டன. பழக்கமாகிவிட்ட உடம்பிலிருந்து திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரைக்கும் கொண்டுபோகலாம். எனவே டாக்டரம்மா அதை நிறுத்தச் சொல்லவில்லை, வாரவாரமாகக் குறைத்தார். இந்தியாவில் 2014 முதல் அல்பிரசோலம் எச்1 பட்டியலில் இருக்கிறது. டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. வாங்கியவர் விவரத்தைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். கண்டக்டர் காலத்தில் அந்தப் பதிவேட்டுக் கெடுபிடி இல்லை.

மீதி வேலை பஸ்ஸில்தான் இருந்தது. தென்னாப்பிரிக்காவில் இரண்டாம் உலகப் போர்ச் சிப்பாய்களின் பயத்துக்கு ஊசி மருந்துகள் கைகொடுக்காததைப் பார்த்த ஜோசப் வோல்ப் என்ற டாக்டர், பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளவைக்கும் முறையை வகுத்து 1958-இல் புத்தகமாக எழுதினார். பயத்துக்குப் பூஜ்யம் முதல் நூறு வரை மார்க் போடும் வழக்கமும் அவரிடமிருந்து வந்தது. டாக்டரம்மா அந்த மார்க் முறையைச் சொல்லி, ஒரு நோட்டு போடச் சொன்னார். கண்டக்டர் நோட்டு வாங்கவில்லை. வீட்டில் கிடந்த, டிக்கெட் கணக்கு எழுதும் பழைய இன்வாய்ஸ் தாள்களின் பின்பக்கத்தில் கோடு போட்டார். முதல் கட்டம் ஸ்டேஜ். அடுத்து, என்ன ஆகும் என்று பயப்படுகிறேன். அடுத்து, மார்க். கடைசிக் கட்டம், உண்மையில் என்ன ஆனது.

க.விலக்கிலிருந்து ஆண்டிபட்டி வரை, பயணியாக, மனைவி பக்கத்தில், கையில் எலுமிச்சம்பழம். இதுதான் முதல் படி. பிறகு அதே தூரம் மனைவி இல்லாமல். பிறகு பழம் இல்லாமல். உசிலம்பட்டியில் ஏறிக் கணவாய்க்கு முந்திய நிறுத்தத்தில் இறங்குவது. பிறகு இறங்காமல் தாண்டுவது. ஜன்னலோரம், நடு சீட், நின்றபடி, கூட்டத்தில் நின்றபடி. ஒவ்வொரு படியிலும் விதி ஒன்றுதான்: பயம் உச்சியில் இருக்கும்போது இறங்கக் கூடாது, கொஞ்சமாவது அது இறங்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். கணவாயைத் தாண்டிய முதல் நாள் இன்வாய்ஸில் எழுதியிருப்பது: "பயம்: மயங்கி விழுவேன், சனங்க சிரிக்கும். மார்க்: 90. நடந்தது: விழவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் என் தோளில் தூங்கினார்." அந்தத் தாள்களை இப்போதும் பீரோவில் வைத்திருக்கிறார்.

மூச்சுப் பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார்கள். வயிறு எழும்பி இறங்க, மெதுவாக. அதிலும் டாக்டரம்மா ஒரு எச்சரிக்கை வைத்தார். படபடப்பை விரட்டுவதற்கென்று மூச்சைப் பிடித்துத் தொங்கினால் அதுவும் இன்னொரு எலுமிச்சம்பழம் ஆகிவிடும். விரட்டாமல் இருக்கப் பழக வேண்டும். ஆஸ்திரேலியாவில் கிளேர் வீக்ஸ் என்ற பெண் டாக்டர், இளவயதில் தானே இந்தப் படபடப்பில் உழன்றவர், 1962-இல் எழுதிய புத்தகத்தில் சாதாரண ஜனங்களுக்குச் சொன்னதும் இதைத்தான்: எதிரே நில், ஒத்துக்கொள், மிதந்து போ, காலத்துக்கு விடு. எதிர்த்து மல்லுக்கட்டும் ஒவ்வொரு தடவையும் உடம்பு அட்ரினலினை இன்னொரு முறை ஊற்றுகிறது என்பது அவர் கண்டது.

சுமுகமாக எல்லாம் நடந்துவிடவில்லை. ஒரு புழுக்கமான மதியம் செக்கானூரணியில் பாதி வழியில் இறங்கி, சாலையோரம் உட்கார்ந்து அழுதிருக்கிறார். வேலையில் திரும்பச் சேர்ந்த பிறகு முதல் மாதம் டவுன் பஸ்தான். கம்பம் லைனுக்கு அவரே மனுப் போட்டுக் கேட்டு வந்தார். மருந்து ஒரு வருடத்துக்கு மேல் ஓடி, குறைந்து, நின்றது. சில வருடம் கழித்து அம்மா இறந்து காரியம் முடிந்த வாரத்தில், நள்ளிரவில் மறுபடி ஒன்று வந்தது. எழுந்து உட்கார்ந்தார். மணிக்கட்டுக்குப் போன கையை மடியில் வைத்துக்கொண்டார். அது பாட்டுக்கு ஏறி, அது பாட்டுக்கு இறங்கியது. மறுநாள் க.விலக்கு போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மருந்து எதுவும் வேண்டியிருக்கவில்லை.

எல்லோருக்கும் இந்த வழி கிடைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் உலகில் பதற்ற நோய் உள்ளவர்கள் 35.9 கோடிப் பேர். மனநோய்களிலேயே அதிகம் பேருக்கு இருப்பது இதுதான். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். சிகிச்சை பெறுவதோ நாலில் ஒருவர். 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நிம்ஹான்ஸ் முன்னின்று நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மனநோய் இருந்தும் சிகிச்சை கிடைக்காதவர்கள் நோய்க்கு நோய் 70 முதல் 92 சதவீதம் வரை இருந்தார்கள். இத்தனைக்கும் இந்த மருந்துகள் விலை உயர்ந்தவை இல்லை. அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். சி.பி.டி. தெரிந்தவர்கள்தான் குறைவு. ஒரு நோயாளிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாத அளவுக்கு ஓ.பி. வரிசை நீளம். கண்டக்டருக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைத்தது அதிர்ஷ்டம்தான். சிகிச்சை அதிர்ஷ்டத்தை நம்பி இருப்பது நியாயமில்லை.

2019-இல் 58 வயதில் அவர் ஓய்வுபெற்றபோது கம்பம் லைனில்தான் இருந்தார். இடையில் டெப்போ ஆபீசில் உட்காரும் வேலைக்கு மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டார்.

உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ நெஞ்சு படபடத்து, ஈ.சி.ஜி.யும் எக்கோவும் சரியாக வந்து, அதற்குப் பிறகும் அது திரும்பத் திரும்ப வந்தால், அடுத்த ஸ்கேனுக்குக் கடன் வாங்கும் முன் டாக்டரிடம் இன்னொரு கேள்வியைக் கேளுங்கள்: இது பதற்ற நோயாக இருக்குமா? அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஓ.பி. சீட்டு போட்டால் போதும். நேரில் போகத் தயக்கம் என்றால் மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. எண் 14416. இருபத்துநாலு மணி நேரமும், கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம்.